கத்தரி இனத்து மருந்துச் செடிகளை இனங்கண்டு வளர்த்துப் பயன்படுத்தும் முறை

ஆயுர்வேதத்தில் தசமூலம் என்று வழங்கும் பத்து வேர்களில் இரண்டு, நாம் குழம்பில் இடும் கத்தரிக்காயின் நெருங்கிய உறவுச் செடிகளுக்கு உரியவை. ஒன்று கண்டகாரி எனப்படும் கண்டங்கத்திரி. மற்றொன்று பிருகதி எனப்படும் முள்ளுக்கத்தரி. தமிழ் மருத்துவ மரபும் இவ்வினத்தை அருகிலேயே வைத்திருக்கிறது. கண்டங்கத்திரி, சிறுவழுதுணை, சிறுமல்லி, பெருமல்லி, நெருஞ்சி ஆகிய ஐந்தின் வேர்களும் சேர்ந்ததே சிறுபஞ்சமூலம்; அந்த மருந்தின் பெயரையே பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் ஒன்று தனக்குப் பெயராகக் கொண்டிருக்கிறது. வழுதுணை என்பது கத்தரிக்கு வழங்கிய பழைய பெயர்.

தூதுவளை, சுண்டை, மணத்தக்காளி, அமுக்கரா ஆகியவையும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. கொடிய நஞ்சுடைய ஊமத்தையும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். ஆகவே இவற்றை வீட்டுத் தோட்டத்தில் வளர்க்க விரும்புவோர், மருந்து செய்யும் முறையைக் கற்பதற்கு முன்பாகச் செடியைக் கண்டதும் இன்னதென்று தயக்கமின்றிச் சொல்லும் பயிற்சியைப் பெற வேண்டும். அதன்பின் அச்செடியின் எந்த உறுப்பு, எந்த முதிர்ச்சியில் வேண்டும் என்பதை அறிய வேண்டும். இவ்விரண்டும் தெரியாமல் வெறும் பெயரை மட்டும் நம்பி இறங்குவோரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கவலையாகவே இருக்கிறது.

செடியை இனங்காணுதல்

கண்டங்கத்திரி நிமிர்ந்து வளர்வதில்லை. தரையோடு படர்ந்து, நாற்புறமும் பரவும். தண்டு, இலை நரம்பு, காம்பு, புல்லி என எல்லா இடங்களிலும் நேரான, பளபளப்பான, மஞ்சள் சாயலுடைய முட்கள் இருக்கும். பூ நீலங்கலந்த ஊதா நிறம். காய் பச்சையும் வெள்ளையுமாக வரியோடி, பழுக்கும்போது மஞ்சளாகும். அளவில் கோலிக்குண்டை ஒத்திருக்கும். தாவரவியலார் இதைச் சொலானம் விர்ஜினியானம் என்கின்றனர்.

முள்ளுக்கத்தரி, சிலர் பாப்பரமுள்ளி என்றும் சொல்வது, இடுப்பளவோ அதற்கு மேலோ நிமிர்ந்து வளரும் குற்றுச்செடி. இதன் முட்கள் கீழ்நோக்கி வளைந்திருக்கும். இலையின் அடிப்புறம் மென்மயிரால் மூடப்பட்டிருக்கும். காய்கள் சுண்டைக்காயைவிடவும் சிறியவையாய்க் கொத்தாகக் காய்த்து, பழுத்ததும் செம்மஞ்சளாகும். பிருகதி என்ற ஒரே பெயரில் வட்டாரத்திற்கு வட்டாரம் வெவ்வேறு செடிகள் வழங்குகின்றன. சில இடங்களில் காட்டுக் கத்தரியின் வேரையே அப்பெயரால் எடுக்கிறார்கள். எனவே கடையில் வேராக வாங்கும்போது, பெயரோடு தாவரவியல் பெயரையும் கேட்டறிவது நல்லது.

தூதுவளை கொடியினம். மூன்று மடல்களாகப் பிரிந்த இலையும், கொக்கி போன்ற சிறு முட்களும், ஊதாப் பூவும், சிவந்த சிறு பழமும் இதன் அடையாளங்கள். சுண்டை ஆளுயரத்திற்கும் மேலாக வளரும். பூ வெண்மை, காய் பச்சைக் கொத்து. இன்று நம் ஊர்களில் தானாகவே முளைத்துக் கிடந்தாலும், சுண்டையின் தாயகம் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதிகளாகும். ஆதலால் சம்ஹிதைகள் எனப்படும் தொன்மையான ஆயுர்வேத மூலநூல்களில் இதைத் தேடிப் பயனில்லை. மணத்தக்காளி முள்ளற்ற சிறு செடி. வெண்ணிற விண்மீன் வடிவப் பூவின் நடுவே மஞ்சள் மகரந்தப் பைகள் கூம்பி நிற்கும். பழம் கறுப்பாகவோ செம்மஞ்சளாகவோ இருக்கும். அமுக்கராவில் முள் இல்லை. சாம்பல் பூத்த இலையும், தாள் போன்ற உறைக்குள் அடங்கிய சிவந்த பழமும் அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஊமத்தையைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் பூக்காத இளஞ்செடியாக இருக்கும்போது அதைக் கத்தரி நாற்றென்று எண்ணிவிடுவது எளிது. கத்தரி இலையைத் தடவினால் கம்பளித்துணியைத் தொட்டாற்போல் மென்மயிர் விரலில் படும். ஊமத்தை இலை பெரிதும் வழவழப்பாயிருப்பதோடு, கசக்கினால் குமட்டும் வாடை வரும். பூத்துவிட்டால் ஐயமே இல்லை: நீண்ட ஊதுகுழல் வடிவப் பூவும், முள் போர்த்த உருண்டைக் காயும் கத்தரியினத்தில் வேறெதற்கும் கிடையா. ஊமத்தையின் எல்லா உறுப்புகளிலும் அட்ரோபின், ஸ்கோபோலமைன் முதலிய நச்சுப் பொருள்கள் உள்ளன. தெரியாமல் உட்கொண்டவருக்கு வாய் உலர்ந்து, கண்பாவை விரிந்து, நெஞ்சு படபடத்து, பிதற்றல் தொடங்கும். அந்நிலையில் கைவைத்தியம் எதையும் முயலாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். ஆயுர்வேதம் ஊமத்தையை மருந்தாகக் கொள்வது உண்மையே. ஆயினும் அது சுத்திமுறைகளுக்குப் பிறகே. இந்தியாவின் 1945-ஆம் ஆண்டு மருந்துகள் விதிகளிலும் அது நச்சு மூலப்பொருள்களின் பட்டியலில்தான் வைக்கப்பட்டிருக்கிறது. வீட்டில் அதற்கு இடமில்லை.

கத்தரிக்காயே மருந்தாகுமா?

கத்தரிக்காய் என்றாலே கரப்பான், அரிப்பு என்று ஒதுக்குவது நம் வீடுகளில் வழக்கம். அதே வீடுகளில் பத்தியச் சோற்றுக்குக் கத்தரிப் பிஞ்சைத் தேடுவதும் வழக்கம். இவை ஒன்றுக்கொன்று முரணானவை என்று பலர் நினைக்கிறார்கள். 16-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பாவப்பிரகாசம் என்னும் ஆயுர்வேத நூல் இந்த முடிச்சைத் தெளிவாக அவிழ்க்கிறது. விருந்தாகம் என்று அது அழைக்கும் கத்தரிக்காய் சுவையில் இனிப்பு, தன்மையில் தீட்சணமும் (கூர்மையும்) சூடும் உடையது. பசியைத் தூண்டும், வாதத்தையும் கபத்தையும் தணிக்கும். பிஞ்சு கபத்தோடு பித்தத்தையும் தணிக்கும். முற்றிய காயோ பித்தத்தைப் பெருக்கும். தணலில் சுட்ட கத்தரிக்காய் சிறிதளவு பித்தத்தைக் கூட்டினாலும் கபம், கொழுப்பு, வாதம், ஆமம் (செரிக்காமல் தங்கும் கழிவு) ஆகியவற்றைக் குறைத்து எளிதில் செரிக்கும் என்றும், அதையே எண்ணெயும் உப்பும் சேர்த்துச் சமைத்தால் செரிமானத்திற்குப் பளுவாகிவிடும் என்றும் அந்நூல் பிரித்துரைக்கிறது. கோழிமுட்டை போன்ற வெள்ளைக் கத்தரிக்காய் மற்றதைவிடக் குணத்தில் தாழ்ந்ததாயினும் மூலநோய்க்கு ஏற்றது என்பதும் அதிலேயே இருக்கிறது.

இதிலிருந்து சமையலுக்குக் கிடைக்கும் முறை எளிமையானது. மருந்துணவாகக் கொள்ள விரும்பினால், விதை கெட்டிப்படாத, தோல் மினுங்கும் பிஞ்சையே பறிக்க வேண்டும்; விரலால் அழுத்தினால் தோல் உள்வாங்கி மீண்டும் எழும்ப வேண்டும். எழும்பாமல் அழுத்திய பள்ளம் அப்படியே நின்றாலும், தோல் மங்கி மஞ்சள் படர்ந்திருந்தாலும் அது முற்றல். விதைக்கு விடலாம், உணவுக்கு வேண்டாம். பிஞ்சைக் காம்போடு தணலில் திருப்பித் திருப்பிச் சுட்டு, தோல் கருகி உரிந்ததும் உரித்து, சிறிதளவு மிளகுப் பொடியும் இந்துப்பும் தூவிச் சூடாக உண்ணலாம். நல்லெண்ணெயில் மிதக்கவிட்ட எண்ணெய்க் கத்தரிக்காய்க் குழம்பு நாவுக்கு விருந்துதான் என்றாலும், அதை மருந்தின் கணக்கில் சேர்க்க முடியாது. தோல் அரிப்பு, கரப்பான் உடையோரும், கத்தரிக்காய் தின்றால் நாக்கு நமைச்சல் காண்போரும் பிஞ்சையும் தவிர்க்க வேண்டும். கத்தரியின் இலையும் பூவும் உண்ணத் தக்கவை அல்ல.

வளர்த்தல்

கத்தரிக்குத் தமிழ்நாட்டில் டிசம்பர்–ஜனவரியும் மே–ஜூனும் விதைப்புக்கு உகந்த காலங்கள். நாற்று 30 முதல் 35 நாளில் நடவுக்கு வரும். செடிக்குச் செடி இரண்டடி இடைவெளி விட வேண்டும். மருந்துணவுக்காக வளர்ப்பவர் பூச்சிக்கொல்லியை நாடாமல் இருக்க வேண்டுமென்றால், தண்டு மற்றும் காய்த்துளைப்பானை நாள்தோறும் கண்காணிப்பது ஒன்றே வழி. காலையில் நுனிக்குருத்து தொங்கிப்போன கிளையைக் கண்டால், அதற்குள் புழு இருக்கிறது என்று பொருள். வாடிய பகுதிக்கு ஓரங்குலம் கீழே வெட்டி, செடியடியில் போடாமல் எரித்துவிட வேண்டும். இனக்கவர்ச்சிப் பொறி வைத்தால் தாய் அந்துப்பூச்சி குறையும்.

வாடல் நோயும் வேர் நூற்புழுவும் உள்ள மண்ணில், சுண்டை நாற்றின் மேல் கத்தரியை ஒட்டுக்கட்டி நடுவது நல்ல பலன் தருகிறது. சுண்டை மெதுவாக வளர்வதால் அதை முன்னதாக விதைத்து, இரு தண்டுகளும் ஒரே பருமனை அடைந்தபின், சுண்டையின் தலையை நீக்கி நடுவே பிளந்து, ஆப்பு வடிவில் சீவிய கத்தரிக் குருத்தைச் செருகி, கவ்வியிட்டு ஈரமான நிழலில் வைத்திருக்க வேண்டும். ஊமத்தையை மட்டும் ஒருபோதும் வேர்ச்செடியாகக் கொள்ளக் கூடாது. வேரின் நஞ்சு மேலேறிக் காய்க்குள் சேரும். ஊமத்தையில் ஒட்டிய தக்காளியை உண்டு நஞ்சேறிய நிகழ்வுகள் பதிவாகியிருக்கின்றன.

கண்டங்கத்திரியை வளர்ப்பதில் உழைப்பு குறைவு, பொறுமை அதிகம். நன்கு பழுத்த மஞ்சள் பழத்தைப் பிசைந்து, விதையைக் கழுவி நிழலில் உலர்த்தி, மணலும் மட்கிய தொழுவுரமும் கலந்த பாத்தியில் மேலாக விதைத்து லேசாக மூடினால் போதும். வெயில் நேராக விழும் இடமாகவும், நீர் தேங்காத மேடாகவும் இருக்க வேண்டும். குழந்தைகள் ஓடியாடும் வழியில் இதை வைக்காதீர்கள். முள் ஆழமாக ஏறும். முள்ளுக்கத்தரியையும் இதே முறையில் வளர்க்கலாம். தூதுவளைக்கு விதையைவிடப் பென்சில் பருமனுள்ள தண்டுக் குச்சியே விரைவான வழி; வேலியோரம் ஊன்றிப் பற்றிக்கொள்ளப் பந்தலோ கம்போ கொடுத்தால் ஆண்டு முழுவதும் இலை தரும். மணத்தக்காளியைத் தொட்டியில் ஒருமுறை வைத்துவிட்டால் பிறகு பறவைகளே அதை ஊரெங்கும் விதைத்துவிடும்.

அமுக்கராவிற்கு மணற்பாங்கான, வடிகாலுள்ள நிலம் வேண்டும். மழைநீர் வேரில் நின்றால் அழுகிவிடும். மத்தியப் பிரதேசத்தின் நீமச், மந்த்சௌர் பகுதிகளில் இது பெருமளவில் பயிராவதற்கு அங்குள்ள வறண்ட பின்பருவம் பெரிதும் துணைசெய்கிறது. விதைத்து 150 முதல் 180 நாளில் இலை பழுத்து உலர்ந்து பழம் சிவக்கும்போது, செடியை முழுவதுமாகத் தோண்டியெடுக்க வேண்டும். அதற்கு மேல் விட்டுவைத்தால் வேர் நாராகி, மாவுத்தன்மை குறையும்.

பறித்தலும் உலர்த்தலும்

எந்த உறுப்பை எந்தப் பருவத்தில் எடுப்பது என்பதைச் சரக சம்ஹிதையின் கல்பஸ்தானம் என்னும் பகுதி வகுத்துச் சொல்கிறது: இலையையும் இளங்கிளையையும் மழைக்காலத்திலும் இளவேனிலிலும், வேரைக் கோடையிலோ பின்பனியிலோ, பூவையும் காயையும் அவற்றுக்குரிய காலத்திலும் எடுக்க வேண்டும். தூதுவளைத் தளிர் மழைக்குப்பின் மிகுதியாகக் கிடைப்பதையும், கண்டங்கத்திரி கோடையில் காய்த்து வேர் முதிர்ந்து நிற்பதையும் பார்க்கும்போது, அந்த வகுப்பு கண்ணால் கண்டறிந்து எழுதப்பட்டது என்பது தெளிவாகிறது.

கண்டங்கத்திரி சாலையோரத்திலும் தரிசிலும் தாராளமாகக் கிடைக்கிறது. அங்கிருந்து எடுக்கத்தான் எவருக்கும் கை நீளும். வண்டிப் புகை படியும் சாலையோரம், சாக்கடைக் கரை, ஆலைக் கழிவு ஓடும் நிலம், களைக்கொல்லி தெளித்த வரப்பு ஆகியவற்றிலிருந்து எடுக்கவே கூடாது. மண்ணிலுள்ள ஈயம் முதலிய உலோகங்களை எத்தனை முறை கழுவினாலும் நீக்க முடியாது. காட்டுப்புறத்தில் எடுப்பவர், ஒரு திட்டில் சில செடிகளையாவது காயோடு விட்டுவைக்க வேண்டும்.

கண்டங்கத்திரியை வேர், தண்டு, இலை, காய் ஆகியவற்றோடு சமூலமாக எடுப்பதற்கு முந்தைய நாள் மாலையே அடிமண்ணை நனைத்துவிட்டால் ஆணிவேர் அறாமல் வரும். தடித்த தோல் கையுறையோ, மடித்த சாக்கோ இன்றித் தொடக் கூடாது. நிறைய நீரில் இரண்டு மூன்று முறை அலசி, வேரை மட்டும் தூரிகையால் தேய்த்து, விரற்கடை அளவுத் துண்டுகளாக வெட்ட வேண்டும். காய்களைப் பாதியாகப் பிளக்காவிட்டால் வெளியே காய்ந்தாற்போல் தோன்றி உள்ளே பூஞ்சணம் பிடிக்கும். நான் முதன்முறை உலர்த்தியபோது ஒரு கூடை முழுவதும் இப்படித்தான் வீணாயிற்று. இலைகளைக் காற்றோட்டமுள்ள நிழலில் உலர்த்த வேண்டும். வேரையும் தண்டையும் இளவெயிலில் ஓரிரு நாள் வைத்தபின் நிழலுக்கு மாற்றலாம். தண்டை வளைத்தால் ஓசையோடு ஒடிய வேண்டும்; வளைந்துகொடுத்தால் ஈரம் இன்னும் போகவில்லை.

அமுக்கரா வேரை மண் போகக் கழுவி, பக்கவேர்களை நீக்கி, 7 முதல் 10 சென்டிமீட்டர் நீளத் துண்டுகளாக நறுக்கி உலர்த்துவது வழக்கம். ஒடித்தால் உள்ளே வெண்மையாகவும் மாவாகவும் இருப்பதே தரமான வேர்.

சுண்டைக்காய்க்கும் மணத்தக்காளிக் காய்க்கும் வற்றலே தக்க வடிவம். சுண்டைக்காயைக் கொத்திலிருந்து உதிர்த்து, கல்லால் ஒருமுறை தட்டிப் பிளந்து, நீரில் அலசி விதையில் ஒரு பகுதியை வெளியேற்ற வேண்டும். புளித்த மோரில் உப்பிட்டு அதில் இரவு முழுவதும் ஊறவைத்து, காலையில் மோரை இறுத்துக் காயை மட்டும் வெயிலில் பரப்பி, மாலையில் மீண்டும் அதே மோருக்குள் இட வேண்டும். மூன்று நான்கு நாளில் மோர் முழுவதும் உறிஞ்சப்பட்டபின், குலுக்கினால் கலகலக்கும் வரை காயவிட வேண்டும். இவ்வற்றலை நெய்யிலோ எண்ணெயிலோ வறுத்து முதற்கவளச் சோற்றோடு உண்பது பசிமந்தத்திற்கும் பூச்சித் தொல்லைக்கும் என்று மரபில் கொள்கிறார்கள். உப்பு மிகுதியாக ஏறியிருப்பதால் இரத்தக் கொதிப்பும் சிறுநீரகக் கோளாறும் உடையவர்கள் அளவோடு இருக்க வேண்டும். மணத்தக்காளியின் பச்சைக் காயில் சொலனைன் என்னும் நச்சுப்பொருள் கூடுதலாக இருப்பதால், குழந்தைகள் அதைச் செடியிலிருந்து பறித்துத் தின்னாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். அதன் கீரையைப் பருப்போடு வேகவைத்து உண்பது வாய்ப்புண்ணுக்கு நெடுங்கால வழக்கம்.

கஷாயமும் பிற வடிவங்களும்

சார்ங்கதர சம்ஹிதை கூறும் கஷாய முறையில், ஒன்றிரண்டாக இடித்த சரக்கு ஒரு பங்குக்கு 16 பங்கு நீர் சேர்த்து, மண்பாண்டத்தில் சிறுதீயில் எட்டில் ஒரு பங்காகச் சுண்டும் வரை காய்ச்ச வேண்டும். 10 கிராம் கண்டங்கத்திரிச் சமூலத்திற்கு 160 மில்லிலிட்டர் நீர். வடித்தபின் 20 மில்லிலிட்டர் நிற்கும். மண்பாண்டம் இல்லையெனில் எவர்சில்வர் போதும். அலுமினியமும் வெள்ளீயம் பூசாத செம்பும் வேண்டாம். மூடி போடாமல் காய்ச்சி, மடித்த மெல்லிய துணியில் வடிக்க வேண்டும். இந்தத் துணி வடிப்பை இச்செடியில் தவறவிடக் கூடாது, ஏனெனில் சிறு முள் ஒன்று தங்கினாலும் தொண்டையைக் கீறிவிடும். கஷாயத்தை அன்றன்றே செய்து பருக வேண்டும். மறுநாளைக்கு வைப்பது பிழை.

கண்டங்கத்திரியையும் முள்ளுக்கத்தரியையும் சரகர் தொண்டைக்கும் குரலுக்கும் உகந்த பத்து மருந்துகளின் தொகுதியில் சேர்த்திருக்கிறார். இருமலைத் தணிக்கும் தொகுதியிலும் கண்டங்கத்திரி இருக்கிறது. இருமலுக்கும் இரைப்புக்கும் மருத்துவர்கள் தரும் கண்டகாரி அவலேகம், வியாக்ரீ அரீதகி ஆகிய லேகியங்கள் இதை அடிப்படையாகக் கொண்டவை. லேகியங்களைப் பாகு பதம் அறியாமல் வீட்டில் முயலாமல், உரிமம் பெற்ற நிறுவனத்திடம் வாங்குவதே நல்லது.

வீட்டில் அச்சமின்றிச் செய்யத்தக்கது தூதுவளைத் துவையலும் ரசமும்தான். இலையின் நடுநரம்பிலுள்ள முட்களைக் கத்தரிக்கோலால் நீக்கி, நெய்யில் நன்றாக வதக்கினால் எஞ்சியவையும் மெத்தென்றாகிவிடும். மிளகு, சீரகம், சிறிதளவு புளி, உளுத்தம்பருப்பு சேர்த்து அரைத்துச் சளி பிடித்த நாள்களில் சோற்றோடு பிசைந்து உண்ணலாம்.

அமுக்கரா வேரை இடித்து வெள்ளைத் துணியில் சலித்த சூரணத்தைப் பாலோடு கொள்வது வழக்கம். இந்திய ஆயுர்வேத மருந்தியல் தொகுப்பு நாளொன்றுக்கு 3 முதல் 6 கிராம் வரை குறிக்கிறது. கருவுற்றோர் இதைத் தொடவே கூடாது. தைராய்டு மிகுதியாகச் சுரப்போர், கல்லீரல் நோயுடையோர், தூக்க மாத்திரையோ சர்க்கரை, இரத்தக் கொதிப்பு மாத்திரையோ உட்கொள்வோர் மருத்துவரைக் கேளாமல் தொடங்கக் கூடாது. இதை உட்கொண்ட சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு ஏற்பட்டதாக மருத்துவ ஏடுகளில் பதிவுகள் உண்டு. மூச்சுத் திணறல், இரத்தம் கலந்த சளி, இரண்டு வாரத்திற்கு மேல் நீடிக்கும் இருமல், மாலைக் காய்ச்சல் ஆகியவற்றுக்குக் கண்டங்கத்திரிக் கஷாயம் குடித்துக்கொண்டு நாளைக் கடத்துவது ஆபத்தானது. காசநோய்க்கான சளிப் பரிசோதனை அரசு மருத்துவமனைகளில் கட்டணமின்றிச் செய்யப்படுகிறது.

சேமித்தல்

உலர்ந்த சரக்கை இடிக்காமல் துண்டுகளாகவே கண்ணாடிக் குடுவையில் அடைத்து, வெளிச்சம் படாத அலமாரியில் வைக்க வேண்டும். பொடியாக்கியபின் இரண்டு மாதத்தில் வீரியம் குறையும் என்று சார்ங்கதரர் வரையறுத்திருப்பதால், ஒரு மாதத் தேவைக்கு மேல் இடித்துவைக்க வேண்டாம். ஒவ்வொரு குடுவையிலும் செடியின் பெயர், உறுப்பு, பறித்த இடம், பறித்த நாள் ஆகியவற்றை எழுதி ஒட்டுங்கள். அதோடு, அதே செடியின் பூவும் காயும் உள்ள ஒரு சிறுகிளையைப் பழைய செய்தித்தாள்களுக்கிடையே அழுத்தி உலர்த்தி, அட்டையில் ஒட்டி வைத்திருங்கள். இடித்த வேரைப் பார்த்து அது கண்டங்கத்திரியா வேறொன்றா என்று எந்த மருத்துவராலும் எளிதில் சொல்லிவிட முடியாது. அந்தக் கிளையைக் கண்டால் சொல்லிவிடுவார். மருத்துவரிடம் போகும்போது குடுவையோடு அந்த அட்டையையும் எடுத்துச் செல்லுங்கள்.